குவைத்துக்குத் தலைகீழாய்ப் போன முகம்

எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தில் அணில்களுக்கு எதிராக சிடி கட்டித் தொங்கவிடுவது என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெடுக்கப்பட்டது. கூட்டத்தில் என் மனைவியும் நானும் கலந்துகொண்டோம். அவள் முன்மொழிந்தாள், நான் வழிமொழிந்தேன். அணில்களின் தரப்பு கேட்கப்படவில்லை. தானே புயலில் எங்கள் தெருவின் வேம்பும் முருங்கையும் வேரோடு சாய்ந்த பிறகு, திருப்பாதிரிப்புலியூரின் இந்தப் பக்கத்து அணில்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே மரம் அதுதான். ஆகவே தீர்மானத்தின் விளைவுகள் கடுமையானவை என்பதை இருவரும் உணர்ந்தே இருந்தோம்.

சிடி தேடிப் பரண்மேல் ஏறியபோது உன் அட்டைப்பெட்டி கையில் தட்டுப்பட்டது. மழையில் நனைந்து காய்ந்த அட்டையின் வாடை. உள்ளே, கணினியை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸின் சிடிக்கள், அடுக்கி வைத்தபடியே. சில வெளிநாட்டிலிருந்து இலவசமாகத் தபாலில் வந்தவை. மிச்சமெல்லாம் நீ நகலெடுத்தவை. ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு மார்க்கரில் ஒரே வாசகத்தை எழுதியிருந்தாய்: "போடுங்க. ஒண்ணும் ஆகாது." எந்த மென்பொருள் நிறுவனமும் தன் சரக்கின் மேல் இப்படி எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. அவர்கள் இதற்கு நேர்மாறானதைப் பல பக்கங்களுக்குச் சட்ட மொழியில் எழுதி, கடைசியில் சம்மதம் கேட்பார்கள்.

ஒன்றை எடுத்துக் கட்டினேன். அணில்கள் வந்து தங்கள் முகத்தை அதில் பார்த்துக்கொண்டன. பிறகு பழத்தைத் தின்றன. மற்ற சிடிக்களை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீ போனபின் நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

நாம் அறிமுகமானது ஒரு வதந்தியின் தயவில். இரண்டாயிரத்து நான்கு என்று நினைக்கிறேன். பிரவுசிங் சென்டர்களில் ஓடும் கணினிகளுக்கெல்லாம் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்கச் சென்னையிலிருந்து வெள்ளைக் காரில் ஆள் வருகிறது என்று சிதம்பரம் முழுவதும் பேச்சு. பல்கலைக்கழக மாணவர்களை நம்பித் தெருவுக்கு நான்கு சென்டர் இருந்த காலம். எதற்கும் பயப்படாத கடைக்காரர்கள் அந்தக் காருக்குப் பயந்தார்கள். மேல வீதியில் சேகர் கடையில் நான் ஒரு கட்டுரையை மின்னஞ்சலில் அனுப்ப உட்கார்ந்திருந்தேன். நீ தரையில் மண்டியிட்டு ஒரு கணினியின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தாய்.

"மாமா, இந்த லினக்ஸப் போட்டா ரெய்டு வராதா?" என்று சேகர் கேட்டான்.

"வரும். வந்தாலும் புடிக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது. இது காசு குடுத்து வாங்க வேண்டியதே இல்ல. யாரு வேணா போட்டுக்கலாம்."

"அப்ப ரெய்டு முடிஞ்ச ஒடனே பழயபடி போட்டுத் தந்துடுவீங்கல்ல?"

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, "சார், நீங்க சிரிக்கிறது இருக்கட்டும். உங்க ஃப்ளாப்பியில வைரஸ் இருக்குது. இந்தக் கடையில இருக்குறது பூரா அதுலேர்ந்துதான் வந்துருக்கும்போல" என்றாய். அடுத்த வாரமே என் வீட்டுக் கணினியில் லினக்ஸ் ஏறியது. அதிலிருந்து நீ எனக்கு மச்சான், நான் உனக்கு மச்சான்.

ரெய்டு வரவில்லை. ஒரு நாள் வெள்ளை அம்பாசடர் ஒன்று மேல வீதியில் வந்து நின்றது. வரிசையாக ஷட்டர்கள் இறங்கின. காரில் வந்தவர் குடும்பத்தோடு நடராஜரைத் தரிசித்துவிட்டுப் போய்விட்டார். அன்று மாலையே சேகர் உனக்குப் போன் செய்து, பழையபடி போட்டுத் தரச் சொன்னான்.

உன் தொழில் என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கணினி பழுதுபார்க்கும் கடை. வருகிற வேலையில் பெரும்பகுதி வைரஸ் எடுப்பது. அப்படிப்பட்ட நீ, வைரஸ் அண்டாத ஒன்றை ஊர் ஊராகப் போய் இலவசமாகப் போட்டுக் கொடுத்தாய். சொந்தக் கடையை இவ்வளவு முறையாக ஒழித்த இன்னொருவரை நான் கண்டதில்லை.

பிறகு நாம் சங்கம் தொடங்கினோம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் பொதுவான லினக்ஸ் பயனர் சங்கம். நீ தலைவர். நோட்டீசில் பிழை திருத்த ஒருவர் வேண்டும் என்பதால் நான் செயலாளர். உறுப்பினர் இடங்கள் காலியாக இருந்தன. நோட்டீசின் கடைசி வரியைப் பற்றி நமக்குள் சண்டை வந்தது நினைவிருக்கிறதா? "எந்நேரமும் இலவச உதவி. போன் செய்யவும்" என்று போட்டு, உன் எண்ணைக் கொடுத்திருந்தாய். "எந்நேரமும்" என்பதை அடித்துவிடச் சொன்னேன். நீ கேட்கவில்லை.

"மாறச் சொன்னது நாமதான மச்சான்? மாறுனவங்கள நடுரோட்டுல வுட்டுட்டு வந்துடலாமா?"

போன்கள் வந்தன. கம்மாபுரத்திலிருந்து கணக்கு வாத்தியார் ஒருவர், போட்டுக் கொடுத்த மறுநாளே கூப்பிட்டார். நாம் உன் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"சார், சி டிரைவக் காணும்."

"அது இதுல இருக்காது சார். இதுல வேற மாதிரி."

"நேத்து வரைக்கும் இருந்துச்சே. யாரு எடுத்துருப்பா?"

"யாரும் எடுக்கல சார். உங்க ஃபைலுங்க எல்லாம் பத்திரமா இருக்குது."

"எம் மச்சினன் வந்துட்டுப் போனான். அவன் மேலதான் எனக்கு டவுட்டு."

அவருடைய மைத்துனன் நிரபராதி என்று நிறுவ உனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. டீ ஆறிவிட்டது.

பயம் கண்ணில்தான் இருக்கிறது என்பது உன் கட்சி. அதனால் ஒவ்வொருவர் கணினியிலும் புதியதை அச்சு அசல் பழையதைப் போலவே ஒப்பனை செய்தாய். அதே நீலப் பட்டை, அதே இடத்தில் அதே பொத்தான், அதே பச்சை மேடும் நீல வானமும். ஒப்பனை மிக நன்றாக இருந்தது. மாறிய பலருக்குத் தாங்கள் மாறியதே தெரியவில்லை. குறிஞ்சிப்பாடி ஸ்டூடியோக்காரர் இரண்டு வருடம் லினக்ஸில் வேலை செய்துவிட்டு, அது எப்படியிருக்கும் என்று ஒரு தடவை பார்க்க ஆசையாக இருப்பதாக உன்னிடமே சொன்னார். ஆனால் பொங்கலுக்குச் சென்னையிலிருந்து மருமகன்கள் வந்தார்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இதுல என்னமோ போட்டு வெச்சிருக்காங்க மாமா" என்று எல்லாவற்றையும் அழித்துப் பழையதைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கரும்போடு ஊர் திரும்பினார்கள். தை மாதம் நம் சங்கத்துக்குச் சேதம் மிகுந்த மாதம்.

நீ மறுபடி போய்ப் போட்டாய். அவர்கள் மறுபடி அழித்தார்கள். சில வருடங்களில் உன் தலை முன்பக்கம் வெளுத்துவிட்டது. உன் கடைக்கு யாரும் வருவதில்லை. உன் போன் மட்டும் ஓயவில்லை. உன் மனைவி தேவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அதைப் பற்றி நாம் பேசியதில்லை.

பரங்கிப்பேட்டை உம்மாவின் வீட்டுக்கு நீ என்னைக் கூட்டிப்போனது அதற்குப் பிறகு. உண்மையில் அவர் பெயர் மும்தாஜ் பீவி. மகன் சாதிக் கூப்பிடுவதைப் பார்த்து நீயும் உம்மா என்றாய், நானும் அப்படியே. சாதிக் குவைத்துக்குப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. முதலில் சேர்ந்த இடத்தில் தகராறாகி வெளியேறியதால் அவர் காகிதம் எதுவும் ஒழுங்காக இல்லை. ஊருக்குப் புறப்பட்டால் அங்கே பிடிப்பார்கள். விட்டாலும் திரும்பிப் போக முடியாது. தங்கை கல்யாணம், வாப்பாவை அடக்கம் செய்த ஜனாஸா இரண்டையும் போனில்தான் கேட்டார். ஊருக்கு வந்த ஒருவர் கையில் ஒரு பழைய லேப்டாப்பைக் கொடுத்தனுப்பியிருந்தார். அதில் எல்லாம் அரபியில் இருந்தது. நீ அதைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டாய்.

உம்மாவுக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கியிருந்தது. நாற்காலியில் உட்கார வைத்து லேப்டாப்பை முன்னால் வைத்தபோது அவர் சொன்னதை நாம் இருவரும் கேட்டோம்.

"எனக்கு மொகமெல்லாம் நெழலாத்தான் தெரியுது தம்பி. நான் அவனப் பாக்குறதுக்கு இந்தப் பொட்டி இல்ல. அவன் என்னயப் பாக்கணும். நான் இருக்குறப்பவே பாத்துக்கணும்."

வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்த நேரம். இணைப்புக் கிடைத்தது. சாதிக்கின் குரல் வந்தது.

"உம்மா, என்னாம்மா இது? தலகீழா இருக்கீங்க?"

"நான் நேராத்தான்டா உக்காந்துருக்கேன்."

"இல்லம்மா. தல கீழ இருக்கு, நாக்காலி மேல இருக்கு."

உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, முதுகை நிமிர்த்தி, "இப்பப் பாரு" என்றார்.

அந்த ரக லேப்டாப்பில் கேமராவைத் தொழிற்சாலையிலேயே தலைகீழாகப் பொருத்திவிட்டார்கள் என்று நீ பிறகு கண்டுபிடித்தாய். அதோடு சேர்த்து விற்கிற மென்பொருளுக்கு மட்டும் இந்த விஷயம் சொல்லப்பட்டிருந்தது. அது படத்தைத் திருப்பிக் காட்டிவிடும். நம்முடையதற்கு யாரும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், பழையதையே போட்டுக் கொடுத்துவிடலாமே என்றேன். பி.முட்லூரில் பஸ் நின்றபோது நீ பதில் சொன்னாய்.

"போடலாம் மச்சான். படம் நேரா வரும். ஆனா உம்மாவால ஒரு பட்டனக்கூடத் தனியா அமுக்க முடியாது. ஒவ்வொரு வெள்ளிக்கெழமயும் பக்கத்து வூட்டுல யாரு இருக்கான்னு பாக்கணும். அத அவுங்களுக்கு ஏத்தமாதிரி மாத்த என்னால முடியாது. இத முடியும்."

அடுத்த இரண்டு மாதம் நீ இதைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. லினக்ஸை உருவாக்குகிற, முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்களுக்கு உன் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினாய். நான் பிழை திருத்தினேன். இடையில் உம்மாவுக்கென்று அந்த லேப்டாப்பைப் புதிதாகச் செய்தாய். குழாய் ஒழுகலை அடைக்கிற எம்சீலில் பட்டாணி அளவு உருட்டி ஒரு பட்டனின் மேல் ஒட்டினாய். விரலால் தடவிக் கண்டுபிடித்து ஒரு அமுக்கு அமுக்கினால் போதும், சாதிக்குக்கு அழைப்புப் போகும். அழைப்புப் போகிற அமைதியில் உம்மா பயப்படுகிறார் என்று அந்த நேரத்தில் கேட்க உன் குரலைப் பதிந்து வைத்தாய். மஞ்சக்குப்பத்தில் ஹாரன் சத்தம் ஜாஸ்தி என்று என் வீட்டுக்கு வந்து பதிந்தாய். "உம்மா, சாதிக்குக்குப் போவுது. கொஞ்சம் இருங்க." கடைசிச் சொல்லின் மேல் எங்கள் வீட்டுக் குக்கர் ஒரு விசில் விட்டது. மறுபடி பதியலாம் என்றேன். வேண்டாம், வீட்டு ஞாபகமா இருக்கட்டும் என்றாய்.

படத்தைத் திருப்பும் கட்டளை ஒருவழியாகப் பிடிபட்டது. அதை அந்த லேப்டாப்பின் உள்ளே எங்கேயோ எழுதி வைத்தாய். அடுத்த வெள்ளிக்கிழமை உம்மா எம்சீலை அமுக்கினார். நீ பேசினாய், குக்கர் விசில் விட்டது, சாதிக் வந்தார்.

"நேரா வந்துட்டீங்கம்மா" என்றார்.

"நான் எப்பவும் நேராத்தான்டா இருந்தேன்."

அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. உம்மா சற்றுப் பொறுத்து உன் பக்கம் திரும்பினார்.

"கட்டாயிடுச்சா தம்பி?"

"இல்லம்மா. பாத்துக்கிட்டு இருக்காரு" என்றாய்.

உன் வேலை அதோடு முடிந்திருக்கலாம். நீ விடவில்லை. அந்த ரக லேப்டாப் வைத்திருக்கிற எல்லோருக்கும் இதே தொல்லை இருக்குமே என்றாய். கேமரா தலைகீழாகப் பொருத்தப்பட்ட ரகங்களின் பெயர்களை லினக்ஸ்காரர்கள் ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறார்களாம். அதில் பெயர் ஏறிவிட்டால் உலகத்தில் எங்கே போட்டாலும் படம் தானாகவே திரும்பிக்கொள்ளும். உம்மாவின் லேப்டாப் ரகத்தை அவர்களுக்கு எழுதிப் போட்டாய். பல மாதம் பதிலில்லை. பிறகு ஏற்றுக்கொண்டதாக ஒரு வரி வந்தது. நூலகத்தில் நான் வேலையாக இருந்தபோது நேராக உள்ளே வந்து, மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றாய்.

"மச்சான், நம்ம வரி ஒண்ணு உள்ள போயிடுச்சி."

"எங்கடா?"

"உள்ள. எல்லாருக்கும். அடுத்தடுத்த அப்டேட்ல வந்துடும்."

எட்டு வருடத்தில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்று உன்னை வெளியே கூட்டிப்போனேன்.

பிறகு தானே புயல் வந்தது. கம்பங்கள் சாய்ந்தன, பலாவும் முந்திரியும் ஏக்கர் ஏக்கராகப் படுத்தன, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் வாசலில் ஊரே செல்போனோடு வரிசையில் நின்றது. அந்த நாட்களில் நீ பரங்கிப்பேட்டைக்குப் போய் உம்மாவின் லேப்டாப்பை வாங்கி, சிதம்பரத்துக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி, திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தாய். போன் லைன் அறுந்து கிடந்ததால் அதை வைத்துப் பேச முடியாது என்று உனக்கும் தெரியும். ஏன் என்று கேட்டேன். "லைன் வந்தவொடனே சார்ஜ் இல்லன்னா அவுங்க என்னா பண்ணுவாங்க?" என்றாய். லைன் வர மாசி ஆயிற்று. வந்த முதல் வெள்ளிக்கிழமை நீ பக்கத்தில் இருந்து பேச வைத்தாய். கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸில், ஆலப்பாக்கம் தாண்டி, ஜன்னலில் தலை சாய்த்தபடி போய்விட்டாய். பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் கண்டக்டர் உன்னை எழுப்பப் பார்த்திருக்கிறார்.

பெரியாஸ்பத்திரி பிணவறை வாசலில் தேவி உன் செல்போனை என் கையில் கொடுத்தாள்.

"அண்ணே, இது அடிச்சிக்கினே இருக்குது. எனக்கு எடுக்க முடியல. நீங்களே வெச்சிக்குங்க."

மறுபடி அடித்தது. எடுத்தேன். கம்மாபுரம் வாத்தியார்.

"சார், பிரிண்ட்டு வரமாட்டேங்குது."

உன்னிடமிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க" என்றேன். அவர் போனைக் கீழே வைக்காமல் செய்தார். பிரிண்டர் உறுமுவதும் தாள் இழுபடுவதும் கேட்டது.

"வந்துடுச்சி சார். கொரலு ஒரு மாதிரியா இருக்குதே, சளி புடிச்சிருக்கா?"

"ஆமாம்."

"மெளகு ரசம் வெச்சிக் குடிங்க."

மறுநாள் எல்லாம் முடிந்த பிறகு அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்ப நேத்து யாரு சார் பேசுனது?" என்று கேட்டார்.

சங்கத்தில் இப்போது தலைவர் இடமும் காலி. செயலாளரான நான் உன் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். கூப்பிடுகிறவர்களுக்கு ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்கிறேன். பாதிப் பேருக்குச் சரியாகிவிடுகிறது. மீதிப் பேர் பொங்கல் வரை காத்திருக்கவில்லை. மருமகன்களைக் கொரியரில் சிடி அனுப்பச் சொல்லிவிட்டார்கள். சேகரின் பிரவுசிங் சென்டர் இப்போது செல்போன் கடை. ரெய்டு வந்தால் சொல்லச் சொன்னான்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை சாதிக் உன் எண்ணுக்குக் கூப்பிட்டார்.

"அண்ணே, உம்மா மறுபடி தலகீழா வர்றாங்க."

லேப்டாப் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி நீ வைத்திருந்தாய். ஏதோ அப்டேட் வந்திருக்கிறது என்பது வரைக்கும் எனக்குப் புரிந்தது. நீ கடிதம் எழுதிய அதே வெளிநாட்டுக்காரர்களுக்கு நானும் எழுதினேன். என் ஆங்கிலத்தைத் திருத்த யாருமில்லை. ஒருவர் பொறுமையாகப் பதில் போட்டார். உன் திருத்தம் இந்த அப்டேட்டில் உலகத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டதாம், அதற்கு வாழ்த்து. அந்த ரகத்தில் இனி எல்லோருக்கும் படம் நேராகவே வரும். ஆனால் நீ அந்த ஒரு லேப்டாப்பில் முன்பே கட்டளை எழுதிப் படத்தை ஒரு முறை திருப்பி வைத்திருந்தால், இப்போது இரண்டு முறை திரும்பும், பழையபடி தலைகீழாகிவிடும். நீ போட்டதை எடுத்துவிட்டால் போதும். எங்கே போட்டாய் என்பது உனக்குத்தான் தெரியுமாம்.

அந்த நல்ல மனிதருக்கு நன்றி எழுதினேன். நீ இறந்ததை எழுதவில்லை.

பரங்கிப்பேட்டைக்குப் போனேன். லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொண்டு சிதம்பரத்தில் ஒரு ரிப்பேர் கடையில் காட்டினேன். கடைக்காரர் நல்லவர்தான். நீலப் பட்டையைப் பார்த்து முகம் மலர்ந்தவர், உள்ளே போய்ப் பார்த்துவிட்டு மூடினார்.

"இது நமக்குத் தெரியாத சிஸ்டம் சார். ஃபார்மட் அடிச்சி வேற போட்டுடலாம். கேமரா நேரா வந்துடும்."

"அந்தப் பட்டன அமுக்குனா பேசுறது?"

"அதெல்லாம் வராது சார்."

உம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன். தலைகீழாக வருவதைச் சொல்ல வேண்டாம் என்று சாதிக் கேட்டுக்கொண்டிருந்தார். தெரிந்தால் அவர் வெள்ளிக்கிழமை முழுக்க முக்காட்டைச் சரிசெய்துகொண்டே உட்கார்ந்திருப்பாராம். அதற்குள் உம்மாவுக்கு நிழலும் போய்விட்டிருந்தது. விளக்கு எரிகிறதா என்று என்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

"ஒரு சின்ன ரிப்பேர் இருக்குதும்மா. ஃபார்மட் பண்ணா சரியாயிடும்."

"அப்டின்னா?"

"உள்ள இருக்குற எல்லாத்தயும் அழிச்சிட்டுப் புதுசா போடுறது."

"அந்தத் தம்பி கொரலு?"

"அதுவும் போயிடும்மா."

உம்மா கையை நீட்டி லேப்டாப்பைத் தடவினார். எம்சீல் உருண்டை விரலுக்குச் சிக்கியது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டார், அமுக்கவில்லை.

"சாதிக் பேசுறது எனக்குக் கேக்குது. நான் பேசுறது அவனுக்குக் கேக்குது. அவன் என்னயப் பாக்குறான்ல?"

"பாக்குறாரும்மா."

"அப்புறம் என்னா ரிப்பேரு?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். இதற்குச் சுலபமான வழி ஒன்று கட்டாயம் இருக்கும். ஒரு நிமிட வேலையாகக்கூட இருக்கலாம். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் முடிந்தவரை போகிறேன். உம்மா தடவிப் பார்த்து அமுக்குகிறார். கொஞ்சம் இருக்கச் சொல்லி நீ சொல்கிறாய். எங்கள் வீட்டுக் குக்கர் விசில் விடுகிறது. "சரி தம்பி" என்று ஒவ்வொரு தடவையும் உம்மா உனக்குப் பதில் சொல்கிறார். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் போகிறேன் என்று சாதிக்குக்குத் தெரியாது. உம்மாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நான் வந்து உட்காரும்வரை அவர் அமுக்குவதில்லை.

சாதிக் தன் பக்கத்தில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். அவர் படுப்பது அடுக்குக் கட்டிலின் கீழ்ப்பலகையில். மேல்பலகையின் அடியில் தன் லேப்டாப்பைக் கவிழ்த்து வயரால் கட்டியிருக்கிறார்: கீபோர்டு உள்ள பாகம் பலகையோடு ஒட்டியிருக்க, திரை தலைகீழாகக் கீழே தொங்குகிறது. அதில் உம்மா நேராகத் தெரிகிறார். அவருடைய கேமராவும் சேர்ந்து கவிழ்ந்துவிட்டதால், பரங்கிப்பேட்டைத் திரையில் சாதிக் தலைகீழாக வருகிறார்.